ஒழுக்கு

பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிப்பித்த சேர் காலமாகிவிட்டார் என்ற செய்தி வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் லண்டனில் ஒரு வீட்டுக் கூரையில் நின்று டிஷ் பூட்டிக்கொண்டிருந்தேன். ஆணியைக் கையில் வைத்தபடி அங்கேயே இருந்துவிட்டேன்.

சேரின் நினைவு மலருக்கு எழுதக் கேட்டதும் ஒரு நாள்தான் நினைவில் வந்து நின்றது. 1982, மேல்மாடி, பௌதிக பாடம். கரும்பலகையில் 'ஒழுக்கு' என்று எழுதிவிட்டு, "இதென்ன, சொல்லு பாப்பம்" என்று என்னை எழுப்பினார். முதல்நாள் இரவு முழுக்க மழை. கிடுகுக் கூரைக்குக் கீழே அம்மா இடம் மாற்றி மாற்றி வைத்த சட்டிகள்தான் என் கண்ணுக்குள் நின்றன. "கூரையால தண்ணி சொட்டுறது, சேர்."

வகுப்பே சிரித்தது. கடைசி வாங்கில் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். வீட்டு நிலைமையை நானே எழும்பிச் சொல்லிவிட்டேன் என்று உடம்பெல்லாம் கூசியது.

சேர் சிரிக்கவில்லை. "அவன் சொன்னது சரி. தண்ணி தன்ர வழியால போறதும் ஒழுகிறதுதான். மனுசன் நெறியில நிண்டால் ஒழுக்கம். சந்திரன் பூமியைச் சுத்திப் போற வழி ஒழுக்கு. எல்லாம் ஒரே வேர்."

பிறகு சோக்கால் பூமியை வரைந்தார். "செய்மதி விழேல்லை எண்டு ஆர் சொன்னது? விழுந்துகொண்டேதான் இருக்கு. அது விழ விழ நிலமும் வளைஞ்சு விலகுது." 'சற்றலைற்' என்ற சொல்லின் இலத்தீன் மூலத்துக்குப் பெரியவரைச் சூழ்ந்து நிற்கும் காவலாள் என்று பொருளாம், வியாழனின் நிலாக்களுக்கு 1611 இல் அந்தப் பெயரை இட்டவர் கெப்ளர். "எங்கட சொல்லில காவலாள் இல்லை. செய்த மதி, செய்த நிலா."

இங்கே என்னோடு வேலை செய்யும் மதுரைத் தம்பி செயற்கைக்கோள், சுற்றுப்பாதை என்பான். எங்கள் ஆர்முடுகல் அவனுக்கு முடுக்கம். நல்ல சொற்கள்தான். ஆனாலும் பாதை என்றால் யாரோ போட்டு வைத்தது. மேலே அப்படி ஒன்றும் இல்லை. ஒழுக்கு என்ற சொல்லை நான் விடமாட்டேன்.

2003 இல் சேரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நான் டிஷ் பூட்டும் வேலை செய்வதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். நம் இலங்கையில் வாழ்ந்த அறிவியல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1945 இல் எழுதிய அதே ஒழுக்கைத்தானே தினமும் தேடுகிறாய் என்று மகிழ்ந்திருந்தார். பூமத்தியரேகைக்கு மேலே 35,786 கிலோமீற்றர்; அங்கே செய்மதி பூமியோடு சேர்ந்து சுற்றுவதால் வானத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரியும். "இங்கே டிஷ் கிட்டத்தட்ட உச்சியைப் பார்க்கிறது. அங்கே எத்தனை பாகை? கணித்து எழுது."

லண்டனில் தெற்கே திருப்பி, அடிவானத்திலிருந்து 30 பாகை அளவில் உயர்த்த வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் கையால் செய்கிற கணக்கு. எழுத அரை மணி போதும். நத்தார் விடுமுறைக்கு எழுதலாம் என்று கடிதத்தை வேலை ஆயுதப்பெட்டிக்குள் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.