கொல்லிமலையில் நழுவிய செயின்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அவற்றில் 23ஆவது வளைவில், சைக்கிள் இருக்கையை விட்டு எழுந்து முழு எடையையும் வலது பெடலில் போட்டபோது, 'டக்'கென்ற ஓசையுடன் செயின் ஒரு பல் தாண்டி நழுவியது. பெடல் வெறுமையாகக் கீழே இறங்க, என் முழங்கால் ஹேண்டில்பாரில் மோதியது. ஒரு வாரத்துக்கு முன்புதான் புதுச் செயின் மாட்டியிருந்தேன் என்பதால், குறை அதில் இருக்காது என்று நம்பி, கியர் கேபிளை முறுக்குவதும் தளர்த்துவதுமாக அரை மணி நேரத்தைச் சாலையோரத்தில் கழித்தேன்.

குறை புதுச் செயினுக்கும், பின்சக்கரத்தில் இருக்கும் பற்சக்கர அடுக்கான பழைய கேசட்டுக்கும் இடையே இருந்தது. செயின் இழுபட்டுவிட்டது என்று நாம் சொன்னாலும் அதன் தகடுகள் நீள்வதில்லை. கண்ணிகளைக் கோக்கும் பின்களும் அவை உரசும் பரப்புகளும் தேய்வதால் ஒவ்வொரு இணைப்பிலும் மயிரிழை அளவு இடைவெளி கூடி, மொத்தச் செயினும் நீண்டுபோகிறது. ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ., என்ற கணக்கில்தான் பற்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. அந்தக் கணக்கு தவறிய செயின், பற்களையும் தன் அளவுக்கே அரைத்துக்கொள்கிறது. ஒன்றாகக் கெட்டுப்போன இரண்டும் சத்தமில்லாமல் ஒத்துப்போகும். புதிய செயின் வந்து சேர்ந்த பிறகுதான் கேசட்டின் குட்டு வெளிப்படும். "செயினை மட்டும் மாற்றினால் போதும் தம்பி" என்று கடையில் சொன்னதை நம்பியது என் பிழை. அதைவிடப் பெரிய பிழை, இரண்டு ஆண்டுகளாக ஒருமுறைகூடச் செயினை அளந்து பார்க்காதது.

அளப்பதற்குத் தனிக் கருவி விற்கிறது என்றாலும், 12 அங்குல எஃகு ஸ்கேலே போதும். செயினை விறைப்பாக வைத்துக்கொண்டு, ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலின் சுழியைப் பொருத்தினால், அதற்கு அடுத்ததிலிருந்து எண்ணி 24ஆவதாக வரும் பின்னின் நடு, புதுச் செயினில் சரியாக 12 அங்குலக் கோட்டில் நிற்கும். கோட்டைத் தாண்டி அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, ஏறத்தாழ 1.6 மி.மீ., போயிருந்தால் தேய்மானம் அரை சதவீதம். பின்னால் 11 அல்லது 12 கியர் உள்ள சைக்கிள்களின் செயின்களை அந்த அளவிலேயே மாற்றிவிட வேண்டும். 8 முதல் 10 வரை உள்ளவை சற்றுத் தடிமனானவை என்பதால் 0.75 சதவீதம் வரை பொறுக்கலாம். கழற்றிப் போட்டிருந்த பழைய செயினைத் தேடியெடுத்து அளந்தபோது, 24ஆவது பின் கோட்டிலிருந்து 3 மி.மீ. தள்ளி நின்றது: ஒரு சதவீதம். நான் அதிகம் ஓட்டும் மூன்று பற்சக்கரங்களின் பற்கள் அரிவாள் நுனிபோல ஒரு பக்கமாக வளைந்திருந்தன.

கேசட்டை எப்படியும் மாற்றியாக வேண்டும் என்று ஆனபின், அமைப்பையே மாற்றினால் என்ன என்று தோன்றியது. என் சைக்கிளின் சட்டத்தில் 24 கியர் என்று பெருமையாக ஒட்டியிருந்தது. முன்னால் 42, 34, 24 பற்கள் கொண்ட மூன்று பற்சக்கரங்கள். பின்னால் 12 முதல் 32 பற்கள் வரை எட்டு. முன்பக்கப் பற்களைப் பின்பக்கப் பற்களால் வகுத்துப் பார்த்தால் அந்த 24இல் பல ஒன்றையொன்று ஒத்தவை: முன் 42க்குப் பின் 32 போட்டால் 1.31, முன் 24க்குப் பின் 18 போட்டால் 1.33. மலையில் நமக்கு உதவப்போவது ஆகக் குறைந்த கியர் ஒன்றுதான். என்னுடையது 24க்கு 32, அதாவது 0.75, சுமார் 2.2 மீட்டர் சுற்றளவுள்ள 27.5 அங்குலச் சக்கரத்தில், பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி 1.65 மீட்டர் நகரும்.

சைக்கிள் பாகங்கள் செய்யும் ஸ்ராம் நிறுவனம் 2012இல் எக்ஸ்எக்ஸ்1 வரிசையில் முன்பக்கம் ஒற்றைப் பற்சக்கரத்தையும் பின்னால் 10 முதல் 42 வரையிலான 11 கியரையும் கொண்டுவந்தபோது அது பணக்காரர்களின் பொருளாக இருந்தது. இன்று அந்த ஏற்பாடு நடுத்தர விலைக்கு இறங்கிவிட்டது. நான் முன்னால் 30 பல், பின்னால் மைக்ரோஷிஃப்ட் அட்வென்ட் எக்ஸ் 10 கியர், 11 முதல் 48 வரை என்று முடிவுசெய்தேன். ஆகக் குறைந்த கியர் 0.625 ஆனது, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.4 மீட்டர். மேல் கியர் 3.5இலிருந்து 2.73 ஆகக் குறைந்ததில் எனக்கு வருத்தமில்லை, இறக்கத்தில் என் கை எப்போதும் பிரேக்கில்தான் இருக்கிறது.

வாங்குமுன் பின்சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பைப் பார்த்துவிட வேண்டும். 21 கியர் சைக்கிள்கள் பெரும்பாலானவற்றில் இருப்பது திருகி மாட்டும் ஃப்ரீவீல். அதில் கேசட் ஏறாது. கேசட் ஏறும் ஹப் என்றாலும், வழக்கமான எச்ஜி வகையில் 11 பல்லுக்குக் குறைந்தது பொருந்தாது. 10 பல்லில் தொடங்குபவற்றுக்கு ஷிமானோவின் மைக்ரோ ஸ்பிளைன் வகை ஹப்போ ஸ்ராமின் எக்ஸ்டி வகை ஹப்போ தேவைப்படும்.

பராமரிப்பில் நான் மாற்றிக்கொண்டது சிறிதே. முன்பெல்லாம் செயின் நனைய நனைய எண்ணெய் விடுவேன். செம்மண் புழுதி அதில் ஒட்டிப் பற்களை அரைக்கும் பசையாகிவிடும். இப்போது ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, வெளிப்புறத்தைத் துணியால் காயத் துடைத்துவிடுகிறேன். பெரிய பற்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால், செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் டெரெயிலரின் கேபிள் திருகை இடஞ்சுழியாகக் கால் சுற்று திருப்புவதோடு சரி. டெரெயிலர் எதுவரை நகரலாம் என்று கட்டுப்படுத்தும் எல்லைத் திருகுகளைத் தொடுவதில்லை.

அதற்கும் அடங்காமல் சில கியர்கள் சரியாகவும் சில தவறாகவும் விழுந்தால், டெரெயிலரைத் தாங்கும் ஹேங்கர் வளைந்திருக்கக்கூடும். வண்டி வலப்பக்கம் ஒருமுறை சாய்ந்து விழுந்தாலே போதும். பல சட்டங்களில் அதன் வடிவம் தனி. மலைமேல் எந்தக் கடையிலும் கிடைக்காது. என் சட்டத்துக்கான ஒன்று, பழைய டியூபில் சுற்றி, இருக்கைக்கு அடியில் கட்டப்பட்டிருக்கிறது.