கழுவிக் கெடுத்த தொட்டி

"விளையாட்டுப் போட்டி, கன்ரீன், பிக் மட்ச் எல்லாம் எல்லாரும் எழுதியாச்சு. நீ வேற ஏதாவது எழுது" என்று பழைய மாணவர் மலர்க் குழுவில் இருந்து கேட்டார்கள். எனக்கு உடனே ஞாபகம் வந்தது உயிரியல் ஆய்வுகூடத்தின் கிழக்கு யன்னலோரம் இருந்த மீன் தொட்டிதான். 1993 உயர்தர வகுப்புக்காரர் மறந்திருக்க மாட்டார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: இரும்புச் சட்டத்தில் யன்னல் கண்ணாடி பதித்துப் புட்டி பூசிய, மூன்றடி நீளத் தொட்டி. ஒரு மூலை எப்போதும் கசியும். அதன் கீழே ஒரு பால்மா ரின் வைத்திருப்போம்.

1990 ஆனியோடு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றுபோனது. தொட்டியின் காற்றுப் பம்பியை எங்கள் உயிரியல் சேர் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். இனி மீன்கள் தப்பாது என்றுதான் எல்லாரும் நினைத்தார்களாம். அவர் வன்னிக் குளமொன்றில் இருந்து ஐதரில்லா, வலிஸ்நேரியா என்ற நீர்ச்செடிகளைக் கொண்டுவந்து, மணல் தெரியாத அளவுக்கு நெருக்கமாக நட்டுவிட்டார். காலை வெயில் தொட்டியில் விழுந்து கொஞ்ச நேரத்தில், ஐதரில்லாவின் முறிந்த தண்டுகளில் இருந்து குமிழ்கள் நூல் பிடித்தாற்போல ஒன்றன்பின் ஒன்றாக மேலே போகும். புனலைக் கவிழ்த்துச் சோதனைக்குழாயில் ஒட்சிசன் சேர்க்கும் பரிசோதனைக்கு எங்களுக்குச் செடி அங்கிருந்துதான் வந்தது. வலிஸ்நேரியா இலையில் ஒரு கீற்றை வெட்டி, நுணுக்குக்காட்டியின் ஆடியை யன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தோம். பச்சையவுருமணிகள் (குளோரோபிளாஸ்ட்) கலச்சுவரை ஒட்டி வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. "ஐசே, இது நல்லூர் வீதி சுத்துதடா" என்றான் பக்கத்தில் இருந்தவன். கலத்துக்குள் நடக்கும் இந்த ஓட்டத்துக்குப் பெயரான குழியவுருவோட்டம் என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்றைக்கும் நல்லூர்க் கோயில் தேர்தான் ஞாபகம் வருகிறது.

அந்த வருடம் தொட்டிப் பொறுப்பு என்னிடம் இருந்தது. பரிசளிப்பு விழா வந்தது. பிரதம விருந்தினர் ஆய்வுகூடத்தையும் பார்ப்பார் என்று ஒரு கதை அடிபட்டது. தொட்டியைப் பார்த்தேன். முன் கண்ணாடியில் பாசி, மணலில் மண்ணிறப் படிவு, எங்கும் நத்தை. வெட்கமாக இருந்தது. நானும் இன்னொருவனும் ஒரு சனிக்கிழமை முழுக்க வேலை செய்தோம். மீன்களை வாளியில் விட்டு, தண்ணீரை இறைத்து, மணலை ஏழு தண்ணீரில் அலசி, சீமெந்து நிலத்தில் பரப்பி வெயிலில் காயப்போட்டோம். கண்ணாடியைத் தேங்காய்ப் பொச்சால் தேய்த்தோம். நத்தைகளைப் பொறுக்கி எறிந்தோம். செடிகளில் பழுப்புத் தட்டியதையெல்லாம் பிடுங்கிவிட்டுப் பாதியை மட்டும் திரும்ப நட்டோம். கிணற்றில் அள்ளிய புதுத் தண்ணீர் பளிங்கு மாதிரி நின்றது. மீன்கள் உற்சாகமாக மேலே வரட்டும் என்று, சாப்பாட்டுப் பெட்டியில் மிஞ்சியிருந்த பிட்டையும் உதிர்த்துப் போட்டேன். கொஞ்சம் தாராளமாகவே.

விருந்தினர் ஆய்வுகூடப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஐந்தாம் நாளுக்குள் பதினெட்டுக் கப்பி மீன்களில் பதினொன்று செத்துவிட்டன.

சேர் ஏசவில்லை. கையைத் தண்ணீருக்குள் விட்டு எடுத்து மணந்து பார்த்தார். மிஞ்சிய ஏழையும் பள்ளிக்கூடக் கிணற்றில் விடச் சொன்னார். நுளம்புக் குடம்பிகளைத் தின்னட்டும் என்று ஏற்கனவே கப்பி விட்டிருந்த கிணறுதான். பிறகு அவர் செய்த வேலையைப் பார்த்து எனக்கு நெஞ்சு பதைத்தது. கேணியில் இருந்து ஒரு சிரட்டை சேறு எடுத்துவரச் சொல்லி, நாங்கள் ஒரு நாள் முழுக்கக் கழுவிய அந்தத் தொட்டிக்குள் கொட்டினார். "தம்பி, மீனை அடுத்த மாசம் விடுவம். இப்ப செடியை மட்டும் பாரும்" என்றார். அடுத்த மாதம் கேட்டபோதும் அதே பதில்தான். எனக்குத் தந்த தண்டனை என்று நினைத்தேன். தண்டனைதான் என்று ஏறத்தாழ இருபத்தைந்து வருடம் நம்பியும் இருந்தேன்.

லண்டனில் பிள்ளைகள் வளர்ந்து அறையொன்று காலியானபோதுதான் மறுபடி ஒரு தொட்டி வாங்கினேன். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம், 54 லீற்றர். கடைப் பெடியன் என்னிடம் முதலில் கேட்டது, "சைக்கிள் பண்ணிட்டீங்களா?" என்று. விளங்கவில்லை. அவன் விளக்கினான். மீனின் கழிவும் மிஞ்சிய தீனும் அமோனியாவாகும். ஒருவகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாக்கும், இன்னொருவகை அதை நைத்திரேற்றாக்கும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. கடைசியானது அவ்வளவு மோசமில்லை, செடிக்கு உணவும்கூட. அந்தப் பற்றீரியாக்கள் மணலிலும் கல்லிலும் வடிகட்டியிலும் ஒட்டிப் பெருக நாலு முதல் ஆறு கிழமை எடுக்கும். அப்படிப் பெருக விடுவதுதான் சைக்கிள் பண்ணுவது, அதுவரைக்கும் மீன் வேண்டாம் என்றான்.

கடைக்குள் நின்றபடி மணல் காயப்போட்ட சீமெந்து நிலம் கண்ணுக்குள் வந்தது. நாங்கள் ஏழு தண்ணீரில் கழுவி வெயிலில் கொன்றது அவற்றைத்தான். பிட்டு அமோனியாவாகியிருக்கிறது. எங்கள் ஊர் சுண்ணாம்புக்கல் நிலம், கிணற்றுத் தண்ணீரில் காரத்தன்மை கூட. அப்படிப்பட்ட தண்ணீரில் அமோனியா இன்னும் கடுமையான நஞ்சு. சிரட்டைச் சேறு அந்தப் பற்றீரியாக்களைத் திரும்பக் கொண்டுவரத்தான் என்று அப்போதுதான் விளங்கியது. சேர் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் சோதனைக்கு எழுதிவிட்டு மறந்திருப்பேனோ என்னவோ.

லண்டன் தண்ணீரும் கேத்திலில் வெள்ளை படியும் தண்ணீர்தான். ஆனால் குளோரீன் போட்டது, அதை முறிக்கும் திரவம் ஊற்றாமல் தொட்டியில் விடக்கூடாது. அடியில் செடி மண், மேலே மணல். செடிக்காகக் கடையில் தேடியபோது ஒரு சின்னப் பிளாஸ்ரிக் சாடியில் 'கிரிப்டோகொரைன் வென்டியை' என்ற நீர்ச்செடி இருந்தது. இலங்கையை மட்டுமே தாயகமாகக் கொண்ட செடி, 1958இல் பெயர் சூட்டப்பட்டது. யாழ்ப்பாணத்தில் நான் அதைக் கண்டதேயில்லை. லண்டனில் காசு கொடுத்து வாங்கினேன். நட்டுப் பத்து நாளில் இலையெல்லாம் கூழாகிக் கரைந்துபோனது. இடம் மாறினால் இந்தச் செடிக்கு அப்படித்தான், வேரைக் கிளறாமல் விட்டால் திரும்ப முளைக்கும். மூன்றாம் கிழமை செம்மண்ணிறத்தில் ஒரு சுருள் இலை வந்தது. இதைப் புலம்பெயர்ந்தவனோடு ஒப்பிட்டு நாலு வரி எழுதலாம். மலரில் அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

இந்த விஷயத்தை வாசிக்கப் போனால் லண்டனிலேயே ஒரு ஆள் அகப்பட்டார். ரொபேர்ட் வாரிங்டன் என்ற இரசாயனவியலாளர். பன்னிரண்டு கலன் தொட்டியில், அதாவது கிட்டத்தட்ட என் தொட்டியளவு தண்ணீரில், இரண்டு சின்னத் தங்கமீனும் வலிஸ்நேரியாவும் வைத்துப் பார்த்தவர். பழைய இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியிருக்கிறது. அழுகலைத் தின்ன நத்தைகளை விட்டார், தொட்டி நேரானது. 1850இல் அதைக் கட்டுரையாகவும் எழுதினார். நான் பொறுக்கி எறிந்த நத்தைகள்!

இடையில் பழைய வகுப்புத் தோழன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். அன்று என்னோடு மணல் அலசியவன்தான். தொட்டிக்கு முன்னால் குனிந்து தேடினான். "டேய், மீன் எங்கையடா?"

"அடுத்த மாசம்" என்றேன். அவன் சிரித்த சிரிப்பில் மனுசி குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தா.

இப்போது எட்டுச் செரி பார்ப் மீன்கள் நிற்கின்றன. அதுவும் இலங்கைக்கே உரிய மீன், 1929இல் தெரணியகல விவரித்தது. இங்கே விற்பதெல்லாம் பண்ணைக் குஞ்சுகள். ஆரம்பத்தில் விளக்கைப் பத்து மணித்தியாலம் எரியவிட்டுப் பாசியோடு மல்லுக்கட்டினேன். ஏழாகக் குறைத்த பிறகு அடங்கியது.

பள்ளிக்கூடத் தொட்டிக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு சண்டை நெருங்கி ஊரே இடம்பெயர்ந்து கிளம்பியபோது அதை யார் நினைத்தார்கள்? அடுத்த வருடம் திரும்பிப் போனவர்கள், தண்ணீர் வற்றி மணல் மட்டும் கிடந்ததாகச் சொன்னார்கள். கிணற்றில் கப்பி மீன்கள் இருந்தனவாம்.

சரி, வலிஸ்நேரியா என் தொட்டியில் ஓடுதண்டு விட்டுப் பரவிக்கொண்டேயிருக்கிறது. மாதம் ஒருமுறை பிடுங்க வேண்டியிருக்கிறது. வருடாந்த ஒன்றுகூடலுக்கு ஈரக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவருகிறேன். வேண்டியவர்கள் வந்து கேளுங்கள், கூடவே ஒரு சின்னப் போத்தல் பழைய மணலும் தருவேன், கழுவாமல். மீன் கேட்க வேண்டாம்.