மாசம் எவ்ளோ கொடுக்கிறாங்க?

நேத்து மலேசியாவுல பினாங்கு பக்கம் பிறை ஊர்ல, மாமாக் கடையில (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) தே தாரேக் (இழுத்து ஆத்துற பால் டீ) குடிச்சிக்கிட்டு இருந்தப்ப ஒரு அண்ணன் கேட்டார்: "தம்பி, தமிழ்ப்பள்ளி மேலாளர் வாரியத்துல இருக்கியே, மாசம் எவ்ளோ கொடுக்கிறாங்க?"

கொடுக்கிறது நாங்கதான்ணே!

பினாங்குல 28 தமிழ்ப்பள்ளி இருக்கு. எங்களது பகுதி உதவி பெறும் பள்ளி. ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்தோடது. நிலம் அரசாங்கத்தோடது இல்ல. அதனால கட்டடத்துல எது உடைஞ்சாலும் முதல் போன் வாரியத்துக்குத்தான். பெற்றோர் ஆசிரியர் சங்கம் வேற, நாங்க வேற. பாதிப் பேருக்கு இது இன்னும் புரியல. 1996 கல்விச் சட்டத்துலயே வாரியத்துக்கு இடம் இருக்கு.

போன மழையில ரெண்டாம் ஆண்டு வகுப்புக் கூரை ஒழுகிச்சு. பிள்ளைங்க வாளிய நடுவுல வச்சிட்டு வாய்ப்பாடு சொல்லுதுங்க. மூணு குத்தகைக்காரங்ககிட்ட கோட்டேஷன் வாங்கி, மானியத்துக்கு மனு எழுதி, ராத்திரி பதினோரு மணிக்கு எல்லார் கையெழுத்தும் வாங்கி... ஒருத்தர் பேர்ல எழுத்துப் பிழைன்னு மனு திரும்பி வந்துச்சு. (அது என் பேருதான்.) பணம் வர்ற வரைக்கும் தார்ப்பாய்தான். அதுவும் பக்கத்துக் கோயில்ல இரவல் வாங்கினது.

பாடம் நடத்துறது தலைமையாசிரியர் வேலை. அதுல மூக்கை நுழைக்கிற வாரியத்தை எனக்குப் பிடிக்காது. ஆனா கணக்கைக் காட்டுங்கன்னு கேக்கத் தயங்குற வாரியமும் எதுக்கு?

சனிக்கிழமை காலையில பள்ளிக் கால்வாய் சுத்தம் பண்றோம். அந்த அண்ணனையும் கூப்பிட்டிருக்கேன். மண்வெட்டி எங்ககிட்ட இருக்கு.