ஜெபக் கடிதத்தில் எழுதாதவை

மாதம் ஒருமுறை ஊரில் மிஷனரிகளான எங்களைத் தாங்குகிற சபைகளுக்கு ஒரு ஜெபக் கடிதம் அனுப்புவோம். மேலே ஒரு வசனம், அப்புறம் ஸ்தோத்திர காரியங்கள், அதற்குக் கீழே ஜெபக் குறிப்புகள், கடைசியில் எல்லோரும் சிரிக்கிற ஒரு குடும்பப் போட்டோ. கம்போடியாவின் பட்டம்பாங் நகரத்துக்கு நாங்கள் வந்து இரண்டு வருடம் முடிகிறது, இருபத்து நாலு கடிதம் போயாகிவிட்டது. அதில் ஒன்றில்கூட கிழிந்த டாலரைப் பற்றி நான் எழுதவில்லை.

இங்கே இரண்டு பணம் சேர்ந்து ஓடுகிறது, டாலரும் ரியலும். சந்தையில் ஒரு டாலருக்கு 4,000 ரியல் என்று பெரும்பாலும் வாய்க்கணக்கு, வங்கியில் அதைவிடக் கொஞ்சம் கூடக் கிடைக்கும். சில்லறைக் காசு என்பதே கிடையாது, எல்லாம் நோட்டுதான். மூன்றரை டாலர் என்றால் மூன்று டாலரும் 2,000 ரியலும் எடுத்துக் கொடுக்க வேண்டும், மீதியும் அப்படியே கலந்துதான் வரும். ரியல் நோட்டு மீன் தண்ணீரில் ஊறி நைந்து போயிருந்தாலும் வாங்கிக்கொள்வார்கள். டாலர் நோட்டில் ஓரமாகக் கடுகளவு கிழிசல் இருந்தால் போச்சு. முதல் மாதம் எங்கள் கையில் அப்படி ஒரு இருபது டாலர் மாட்டியது. காய்கறிக்காரம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார். மீன் கடையில் நீட்டினேன், முட்டைக் கடையில் நீட்டினேன், கூட்டமாக இருக்கிற கடையாகப் பார்த்து மடித்து நீட்டினேன். ஒரு மிஷனரியின் மனைவி செல்லாத நோட்டை யார் தலையில் கட்டலாம் என்று அரை நாள் சந்தையைச் சுற்றி வந்ததை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது? கடைசியில் அது பெட்டிக்கு அடியில் போய்விட்டது. இன்னும் அங்கேதான் இருக்கிறது.

எண்களும் சேர்ந்து வதைத்தன. இங்கே பேசுகிற கெமர் மொழியில், பத்துக்குக் கீழே ஐந்து வரைக்கும்தான் தனித்தனிப் பெயர். ஐந்து ப்ராம். ஆறு என்பது ஐந்து-ஒன்று, ஏழு ஐந்து-இரண்டு, எட்டு ஐந்து-மூன்று என்று போகும். கடைக்காரர் "ப்ராம்..." என்று ஆரம்பித்ததும் ஐந்தாயிரம்தான் என்று முடிவு செய்து நான் நோட்டை எண்ண ஆரம்பித்துவிடுவேன், அவர் "பெய்" என்று முடிக்கும்போது அது எட்டாயிரம் ஆகியிருக்கும். பேரம் பேசவில்லை, வாக்கியம் முடிகிறவரை காத்திருக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஆனால் பார்ப்பவர்களுக்கு இந்தப் பெண் எட்டாயிரம் சொன்னால் ஐந்தாயிரத்தை வீசுகிறாளே என்றுதானே தோன்றும்.

மொழி வகுப்பைப் பற்றிக் கடிதத்தில் எழுதியிருக்கிறேன். "மொழியை நன்கு கற்றுக்கொள்ள ஜெபியுங்கள்" என்று ஒரே வரி. அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கிற அவமானம் கொஞ்சநஞ்சமல்ல. முப்பத்து மூன்று மெய்யெழுத்து, அவை இரண்டு கூட்டம், உயிர்க்குறி ஒன்றே என்றாலும் எந்தக் கூட்டத்து எழுத்தோடு சேர்கிறதோ அதற்கேற்ப ஒலி மாறும். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி விடுவதில்லை. மெய்யெழுத்துகள் அடுத்தடுத்து வந்தால் இரண்டாவது எழுத்து சுருங்கி முதல் எழுத்துக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், அதற்குப் பாத எழுத்து என்று பெயர். இத்தனைக்கும் இந்த எழுத்து நம் பல்லவர் காலத்து எழுத்திலிருந்து கிளைத்தது. தேதியோடு கிடைத்திருக்கிற மிகப் பழைய கெமர் கல்வெட்டு கி.பி. 611-ஐச் சேர்ந்தது. நம் பக்கத்திலிருந்து வந்த எழுத்து என்றால் நம்மைப் பார்த்துக் கொஞ்சம் இரக்கப்பட்டிருக்கலாம். சொற்கள் பரவாயில்லை, வடமொழி வழியாக வந்த பழக்கமான முகங்கள் நிறைய உண்டு. முகம் இங்கே முக், ஆசிரியர் க்ரூ, பள்ளிக்கூடம் சாலா. மன்னிக்கச் சொல்கிற 'சோம் தோஹ்'வில் இருப்பது நம் தோஷம்தான். நான் அதிகம் பயன்படுத்திய சொல்லும் அதுதான்.

1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார் என்று ஞாயிறு பள்ளியில் சொல்லிக் கொடுப்பார்கள். எனக்கு அது எப்போதும் அழகான காட்சியாகத்தான் இருந்தது. தாழ்மை, அர்ப்பணிப்பு என்றெல்லாம் அதற்கு விளக்கம் சொல்லி நானே பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன். முப்பத்தெட்டு வயதில், பக்கத்து வீட்டு ஆறு வயதுப் பெண் என் நோட்டைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தபோதுதான், அந்தத் தரங்கம்பாடிப் பிள்ளைகளும் அந்த மனிதரைப் பார்த்து இப்படித்தானே சிரித்திருப்பார்கள் என்று உறைத்தது. அவருக்குக் கோபம் வந்திருக்குமா? எனக்கு வந்தது.

ஒரு விஷயம் மட்டும் முதல் நாளே கைகொடுத்தது, முறை சொல்லிக் கூப்பிடுவது. இங்கே யாரையும் வெறும் பெயரைச் சொல்லியோ பொத்தாம்பொதுவாகவோ கூப்பிடுவதில்லை. மூத்தவர் என்றால் ஆணோ பெண்ணோ போங், இளையவர் ஓன், அம்மாவைவிடக் கொஞ்சம் சின்ன வயதுப் பெண் என்றால் மீங், பாட்டி வயதென்றால் யேய். அதனால்தான் பார்த்த உடனே வயதைக் கேட்பார்கள், முறை தெரியாமல் பேச்சு நகராது. மேற்கிலிருந்து வந்த ஊழியர்கள் இதைத் தனிப் பாடமாக எழுதி மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். நமக்கு அக்கா அண்ணன் சித்தி என்று கூப்பிட்டே வளர்ந்த வாய்தானே, இந்த ஒன்றில் மட்டும் வகுப்பில் நான்தான் முதல். வழியில் பார்த்தால் கேட்கிற முதல் கேள்வியும் "ஞாம் பாய் ஹாய்?", சோறு சாப்பிட்டாச்சா என்றுதான்.

பெரியவளைப் பற்றியும் கடிதத்தில் எழுதியதில்லை. சின்னவனுக்கு வரும்போது ஐந்து வயது, மூன்று மாதத்தில் தெருவோடு தெருவாகிவிட்டான். அவளுக்குப் பதினொன்று. வீட்டிலேயே பாடம், கேட்டைத் தாண்ட மாட்டாள், போனில் ஊர்த் தோழிகளோடு பேசிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். ஒருநாள் குடும்ப ஜெபத்துக்குக் கூப்பிட்டபோது இவர் முகத்தைப் பார்த்து, "அழைப்பு உங்களுக்குத்தானே வந்தது அப்பா, எனக்கு வரலையே" என்றாள். இவர் பதில் சொல்லவில்லை. பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் போய்ப் பாத்திரம் கழுவினார். எனக்கும் இன்றுவரை பதில் தெரியாது. ஊழியத்தில் உள்ள பெற்றோர் இதற்கெல்லாம் ஒரு வசனத்தைத் தயாராக வைத்திருப்பார்கள், அன்றைக்கு நாங்கள் அப்படி எதையும் எடுத்து நீட்டாமல் இருந்தது நல்லதுதான் என்று நினைக்கிறேன்.

ஊரிலிருந்து வருகிற பதில்களில் தவறாமல் ஒரு கேள்வி இருக்கும்: வீடு வீடாகப் போகிறீர்களா, எத்தனை பேர் வந்தார்கள்? இங்கே பௌத்தம் அல்லாதவர்கள் வீடு வீடாகப் போய்ப் பிரசங்கிக்க அரசு அனுமதிப்பதில்லை. கைப்பிரதிகளையும் ஆராதனை இடத்துக்கு உள்ளேதான் கொடுக்கலாம். வெளிப்படையாகச் சொன்னால் எனக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. போய்க் கதவைத் தட்டியிருந்தால்கூட அந்த முதல் வருடத்தில் என்ன பேசியிருப்பேன், சோம் தோஹ் என்றா? நடந்ததெல்லாம் தலைகீழ். கதவைத் தட்டியது அவர்கள்தான்.

பக்கத்து வீட்டு மீங்தான் முதலில் வந்தார். ஏப்ரல் நடுவில் வருகிற கெமர் புத்தாண்டு நம் சித்திரை ஒன்றை ஒட்டித்தான் வரும், இரண்டுக்கும் சூரியன் மேஷத்தில் நுழைவதுதான் கணக்கு. அதை ரசித்துக்கொண்டிருந்த எனக்கு, ஊரே சொந்தக் கிராமத்துக்குக் கிளம்பிவிடும், கடைகள் நாள்கணக்கில் திறக்காது என்று யாரும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் நூடுல்ஸும் தீர்ந்துபோக, எங்கள் சமையலறையிலிருந்து சத்தம் வராததைக் கவனித்து ஒரு சட்டி சோறும் மீனும் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார். பட்டினியும் கொலையுமாக இருந்த போல் போட் ஆட்சி தொடங்கிய 1975-ல் அவருக்கு ஒன்பது வயது. 1979 ஜனவரிவரை நடந்ததைப் பற்றி என்னிடம் அவர் சொன்னது ஒன்றுதான், அப்போதெல்லாம் கஞ்சியில் கிடக்கிற அரிசியை எண்ணிவிடலாம் என்று. அதற்கு மேல் நான் கேட்டதில்லை. ஆனால் அவர் சாப்பிட்டாச்சா என்று கேட்கும்போது, சும்மா தலையாட்டிவிட்டுப் போக எனக்கு இப்போது முடிவதில்லை.

செப்டம்பர், அக்டோபர் வாக்கில் ப்சும் பென் வரும், முன்னோருக்குப் பதினைந்து நாள் சோறு படைக்கிற விழா. போன வருடம் மீங் வாழையிலையில் சுற்றிய அன்சோம் கொண்டு வந்தார். பசையரிசிக்குள் வாழைப்பழம் வைத்துக் கட்டி வேகவைத்தது. விகாரைக்குக் கொண்டுபோக நிறையச் செய்ததில் எங்களுக்கும் கொஞ்சம். படைத்ததா, படைக்கக் கட்டியதில் எடுத்து வைத்ததா? சிறு வயதில் தீபாவளிப் பலகாரம் வந்தால் வீட்டில் இதே விசாரணை நடக்கும். பாட்டி வாங்கி வைத்துவிட்டு, அவர்கள் போனதும் வேலைக்காரம்மாவிடம் கொடுத்துவிடுவார். சிலைகளுக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா என்பதைப் பற்றிக் கொரிந்தியரில் பவுல் சொன்னதை வைத்து இரண்டு பக்கமும் வாதாடலாம், இங்குள்ள விசுவாசிகளிலும் வாங்காதவர்கள் உண்டு, அவர்களைக் குறை சொல்ல நான் யார், அவர்கள் விட்டு வந்தது எனக்குத் தெரியாதது. நான் மீங்கிடம் எதுவும் கேட்கவில்லை. அங்கேயே பிரித்து, அவர் முன்னாலேயே சாப்பிட்டேன். பெரியவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள், பிறகு அவளும் ஒன்றை எடுத்தாள். அதன் பிறகு மீங்கின் பேத்தியோடு திண்ணையில் உட்கார்ந்து இலை மடிக்கக் கற்றுக்கொண்டாள், கேட்டைத் தாண்டித்தான். பெரிய மாற்றம் என்றெல்லாம் சொல்ல மாட்டேன், கதவு இன்னமும் சாத்தப்படுகிறது, நேற்றுக்கூட.

இன்று காலை கேஸ் தீர்ந்துவிட்டது. இவர் வீட்டில் இல்லை. இத்தனை நாளும் இவரோ மீங்கோதான் போன் செய்வார்கள், ஏனென்றால் இங்கே வீட்டு எண் சொல்லிப் பயனில்லை, வழிதான் சொல்ல வேண்டும், அதுவும் முகத்தைப் பார்க்காமல் போனில். நானே கூப்பிட்டேன். விகாரைக்குப் பின்னால், இரண்டாவது திருப்பம், நீலக் கேட், மாமரம் என்றேன். அந்தப் பையன் "எந்த விகாரை, போங்?" என்றான், அதையும் சொன்னேன். இருபது நிமிடத்தில் சிலிண்டரை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து நின்றுவிட்டான். விலையை "ப்ராம்" என்று ஆரம்பித்தபோது வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன்.

மதியம் வந்த இவர், இந்த மாதக் கடிதத்தைத் திறந்து வைத்து ஸ்தோத்திர காரியங்களில் என்ன போடலாம் என்று கேட்டார். கேஸ் வந்தது என்று போடுங்கள் என்றேன். சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்துவிட்டு, தட்டச்சு செய்ய ஆரம்பித்தார்.