விளக்கை அணைத்தால் நல்லா கேக்குது

நான் செய்துகொண்டிருக்கும் கேமின் முதல் வடிவத்தில் குகையும் இல்லை, விளக்கும் இல்லை. வெள்ளைத் திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம், அவ்வளவுதான். அம்புக்குறியை அழுத்தினால் நகரும், ஸ்பேஸ் பாரைத் தட்டினால் குதிக்கும். அது முதல்முறை குதித்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அதற்கு முன்பு 3 வருஷமாக அந்த கேம் ஒரு நோட்டுக்குள் மட்டும்தான் இருந்தது.

நோட்டில் எல்லாமே இருந்தது. பூமிக்கடியில் ஒரு நகரம், அதில் 7 குலங்கள், ஒவ்வொன்றுக்கும் தனி எழுத்து, 12 பெரிய எதிரிகள், 4 விதமான முடிவுகள். கையில் எண்ணெய் விளக்கோடு குகைக்குள் இறங்கும் ஒரு பெண். கடைசிக் காட்சியில் அவள் என்ன சொல்வாள் என்பதைக்கூட எழுதி வைத்திருந்தேன். ஆனால் விளையாடுகிறவர் முதல் 10 விநாடியில் என்ன செய்வார், அவருடைய விரல் எதை அழுத்தும், அழுத்தினால் என்ன நடக்கும் என்று ஒரு பக்கத்தில்கூட இல்லை. கதை இருந்தது, உலகம் இருந்தது, கேம் இல்லை. இதை நான் புரிந்துகொண்டது அந்தச் சதுரத்தைச் செய்யத் தொடங்கிய பிறகுதான்.

அந்த 3 வருஷமும் இதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை, யாராவது ஐடியாவைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம். இதே பயத்தோடு எனக்கு எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பதால் நேராகவே சொல்கிறேன்: வெறும் ஐடியாவுக்குப் பதிப்புரிமைச் சட்டத்தில் பாதுகாப்பு கிடையாது, எழுதிய நிரலுக்கும் வரைந்த படத்துக்கும் அமைத்த இசைக்கும்தான் உண்டு. பூட்டி வைப்பதால் ஒரு லாபமும் இல்லை. நாலு பேரிடம் சொல்லியிருந்தால், அவர்களில் ஒருவராவது "சரி, இதுல நான் என்ன பண்ணணும்?" என்று கேட்டிருப்பார், எனக்கு 3 வருஷம் மிச்சமாகியிருக்கும்.

மேலிருந்து விழும் கட்டங்களை அடுக்குகிற டெட்ரிஸ் கேம் நினைவுக்கு வருகிறது. 1984-இல் அலெக்ஸி பஜித்னோவ் அதைச் செய்தபோது அவர் வைத்திருந்த எலக்ட்ரானிகா 60 என்ற கணினியில் படம் வரையும் வசதியே கிடையாது. விழுகிற கட்டங்களை அடைப்புக்குறிகளை வைத்தே காட்டினார். நிறம் இல்லாமல், இசை இல்லாமல், வெறும் எழுத்துகளாக விழுந்தபோதே அதை விளையாடியவர்களால் நிறுத்த முடியவில்லை. என் நோட்டில் குலங்களுக்கு எழுத்து வரைந்துகொண்டிருந்த நாட்களில் இது எனக்குத் தெரிந்திருக்கலாம்.

அடுத்து எந்த எஞ்சின், அதாவது கேமைச் செய்ய உதவும் எந்த மென்பொருள் என்ற கேள்வி. யூனிட்டியா, அன்ரியலா, கோடோவா, கேம்மேக்கரா என்று வாரக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்க்கலாம், நானும் பார்த்தேன், அது வேலை செய்வது போன்ற ஒரு உணர்வைத் தரும். நான் கோடோவை எடுத்துக்கொண்டேன், இலவசம், திறந்த மூலம் (நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்), என் பழைய லேப்டாப்பில் சிரமமில்லாமல் ஓடுகிறது. 2டி கேம் என்றால் இவற்றில் எதிலும் செய்யலாம். 2015-இல் வந்த அண்டர்டேல் கேம்மேக்கரில் செய்ததுதான்.

சரி, சதுரத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது திரையில் படம் ஒவ்வொரு முறை புதிதாக வரையப்படும்போதும், 5 பிக்சல் நகர வேண்டும் என்று எழுதியிருந்தேன். என் திரை விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கிறது, அதனால் விநாடிக்கு 300 பிக்சல், அழகாக நடந்தது. நண்பன் ஒருவனுக்கு அனுப்பினேன். ராத்திரி 11 மணிக்கு போன் வருகிறது, "என்னடா உன் சதுரம் இப்படிப் பறக்குது?" என்று. அவனுடைய திரை 144 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 144 முறை புதுப்பிக்கும். அதே நிரல் அவனிடம் விநாடிக்கு 720 பிக்சல் ஓடியிருக்கிறது. ஃபிரேமுக்கு இவ்வளவு என்று எழுதக்கூடாது, விநாடிக்கு இவ்வளவு என்று வைத்துக்கொண்டு, முந்தைய ஃபிரேமிலிருந்து எவ்வளவு நேரம் கடந்திருக்கிறதோ அதால் பெருக்க வேண்டும். ஒரே வரி மாற்றம்தான். ஆனால் இன்னொருவர் கணினியில் ஓட்டிப் பார்க்காதவரை அந்த வரி தப்பு என்று எனக்குத் தெரியவே வந்திருக்காது.

குதிப்பதற்கு மட்டும் 3 வாரம் ஆனது. இயற்பியல் பாடத்தில் படித்த மாதிரி ஈர்ப்பு விசையைச் சரியாகப் போட்டால் பலூன் மிதப்பது போல இருந்தது. மேலே போகும்போது ஒரு அளவு, கீழே விழும்போது அதைவிடக் கூடுதலாக என்று பிரித்த பிறகுதான் காலுக்கு எடை வந்தது. அப்புறம் விளிம்புப் பிரச்சினை. பாறை முனை வரை ஓடிக் குதிக்கிறவர்கள் எல்லாருமே கொஞ்சம் தாமதமாக அழுத்துகிறார்கள், கால் ஏற்கெனவே காற்றில் இருக்கும், கேம் "நீ தரையில் இல்லை" என்று குதிக்க விடாது, விழுந்துவிடுவார்கள், "நான் அழுத்தினேனே!" என்று கோபப்படுவார்கள். அவர்கள் கோபம் நியாயம்தான். இதற்கு கயோட்டி டைம் என்று பெயர், கார்ட்டூனில் மலை விளிம்பைத் தாண்டி ஓடி ஒரு கணம் காற்றிலேயே நிற்கும் அந்த ஓநாய் மாதிரி மிருகத்தின் பெயரில் வைத்தது. விளிம்பைத் தாண்டிய பிறகும் 6 ஃபிரேம், அதாவது 0.1 விநாடி, தரையில் இருப்பதாகவே கணக்கில் எடுத்துக்கொள்வது. அதைப் போட்ட பிறகு என்ன மாறியது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை, "இப்ப நல்லா இருக்கு" என்றார்கள்.

3 வாரம் இதற்கா என்று தோன்றலாம். சூப்பர் மரியோ 64 செய்தபோது லெவல்களை அமைப்பதற்கு முன்பு ஒரு எளிமையான அறையில் மரியோவை ஓடவிட்டு, ஒரு முயலைத் துரத்திப் பிடிக்க வைத்துத்தான் அசைவுகளைச் சோதித்தார்கள். ஒன்றுமில்லாத அறையில் சும்மா ஓடுவதே சந்தோஷமாக இருந்தால்தான் மேலே போக முடியும்.

இனி விளக்கு. என் திட்டப்படி எண்ணெய் தீர்ந்துகொண்டே இருக்கும், வெளிச்ச வட்டம் சுருங்கும், தீர்வதற்குள் அடுத்த எண்ணெய்க் குடுவையைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒளி குறையக் குறைய சுற்றியுள்ள சத்தங்கள் கூடுமாறு வைத்திருந்தேன், அது சும்மா பயத்துக்காக. விளக்கை ஊதி அணைக்கவும் ஒரு பொத்தான் உண்டு, ஒரு புதிருக்காக வைத்தது.

அக்கா பையனுக்கு 11 வயது. ஹெட்போனை மாட்டிவிட்டு, ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். வாயைத் திறக்காமல் இருப்பது ரொம்பக் கஷ்டம், "அங்கே போகாதே, இடப்பக்கம் பார்" என்று நாக்கு நுனி வரை வரும். அவன் 2 முறை பள்ளத்தில் விழுந்தான். மூன்றாவது முறை, விளக்கில் பாதிக்கு மேல் எண்ணெய் இருக்கும்போதே ஊதி அணைத்தான். திரை முழுக்க இருட்டு. கண்ணை மூடிக்கொண்டு தலையை லேசாகச் சாய்த்து அப்படியே இருந்தான். எனக்கு நிரலில் பக் ஏதோ, அதாவது ஏதோ பிழை வந்துவிட்டது என்று நினைப்பு.

"என்னடா ஆச்சு?"

"இருங்க மாமா. விளக்கை அணைச்சா நல்லா கேக்குது. தண்ணி அந்தப் பக்கம் சொட்டுது."

சொட்டுகிற சத்தத்தை வைத்துப் பள்ளம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, இருட்டிலேயே தாண்டினான். நான் 3 வருஷம் எழுதியதில் இது இல்லை. என் நோட்டில் வெளிச்சம் என்பது சேமிக்க வேண்டிய பொருள். அவன் கையில் அது தேவைப்படும்போது வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கிற ஒன்றாகிவிட்டது, பார்க்கலாம் அல்லது கேட்கலாம், இரண்டையும் ஒன்றாக முடியாது. அன்று முதல் கேமே அதுதான்.

இப்படி நடப்பது புதிதும் இல்லை. 1978-இல் டொமொஹிரோ நிஷிகாடோ செய்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் எதிரிகள் குறையக் குறைய மிச்சம் இருப்பவர்கள் வேகமாக வருவார்களே, அது முதலில் திட்டமிட்டுச் செய்ததில்லை. திரையில் வரைய வேண்டியது குறைந்ததும் அந்த இயந்திரம் மற்றவர்களை வேகமாக நகர்த்தியது. அவர் அதைச் சரிசெய்யாமல் அப்படியே விட்டுவைத்தார். நோட்டில் மட்டும் இருந்திருந்தால் அந்த வேகம் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

அதற்குப் பிறகு வெட்டத் தொடங்கினேன். 12 எதிரிகளும் போனார்கள், இருட்டில் காது கொடுத்து நிற்கிறவர் மேல் ஒருவன் பாய்ந்தால் அந்த அமைதி கெட்டுவிடுகிறது. 4 முடிவுகள் ஒன்றாயின. 7 குலங்களில் ஒன்று மட்டும் தங்கியது, அதுவும் சுவரில் தடவிப் பார்க்கிற எழுத்தாக. வலித்தது, குறிப்பாக அந்தக் கடைசிக் காட்சி வசனத்தை எடுத்தபோது.

செலெஸ்ட் கேமை மேடி தோர்சனும் நோயல் பெர்ரியும் முதலில் பைகோ-8 என்ற குட்டி கேம் கருவியில் 4 நாளில் ஒரு கேம் ஜாமுக்காக (குறுகிய காலத்துக்குள் ஒரு கேமைச் செய்து முடிக்கும் நிகழ்வு) செய்தார்கள். முழு கேம் வந்தது 2018-இல். அந்த 4 நாள் வடிவம் முழு கேமுக்குள் ஒளிந்தும் இருக்கிறது, தேடினால் கிடைக்கும். நடுவில் கழிந்த நேரம் எதில் போகிறது என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரிகிறது. கேமை இடையில் நிறுத்தி வைக்கும் மெனு, சேவ் செய்வது, பொத்தான்களை மாற்றிக்கொள்ளும் வசதி, கண்ட்ரோலர், சின்னத் திரையில் எழுத்து படிக்க முடிகிறதா, பாதியில் மூடித் திறந்தால் விளக்கில் எண்ணெய் அதே அளவு இருக்கிறதா. போன 5 மாதமும் இதிலேயே போயின. காது சரியாகக் கேட்காதவர்களும் விளையாட வேண்டும் என்பதால் ஒவ்வொரு சத்தத்துக்கும் திரை ஓரத்தில் ஒரு மெல்லிய அலை வரும்படி செய்தேன். அந்த ஒரு வேலை மட்டும் ஒரு மாதம் எடுத்தது, அதில் ஒரு நாளைக்கூட வீண் என்று நினைக்கவில்லை.

இப்போது 5 குகைகள் இருக்கின்றன, முழுதாக விளையாட 40 நிமிஷம் ஆகும். நேற்று ராத்திரி அக்கா பையன் போன் செய்தான். மூன்றாவது குகையில் திரும்பி நின்றால் தண்ணீர் சத்தம் தப்பான பக்கம் கேட்கிறதாம். போட்டுப் பார்த்தேன், அவன் சொன்னது சரி, அந்தப் பெண் முகம் திரும்பும்போது இடது வலது இரண்டும் மாறிவிடுகின்றன. எங்கே தப்பு என்று கண்டுபிடித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவன் வருவதற்குள் சரிசெய்து வைக்க வேண்டும்.