மூன்றாவது டைல்ஸும் அரைஞாண் கயிறும்

போன ஆடியில் கம்பெனி செக்கப்பில் 84 கிலோ என்று வந்தது. உயரம் 168 சென்டிமீட்டர். உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று பார்க்கும் பி.எம்.ஐ. கணக்கில் 29.8. நம்ம ஊர் உடம்புக்கு 23-க்கு மேல் போனாலே அதிக எடைதான், இடுப்பு 90 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, உங்களுக்கு 102 என்று டாக்டர் சொன்னார். அந்தத் துக்கத்தில் எதிர்க் கடையில் இரண்டு உளுந்து வடை சாப்பிட்டுவிட்டு, வரும் வழியிலேயே டிஜிட்டல் எடை மெஷின் ஒன்றும் வாங்கி வந்தேன்.

முதல் வாரமே 2 கிலோ குறைந்தது. சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் போன் போட்டுச் சொன்னேன். அப்புறம்தான் தெரிந்தது, அதில் பெரும்பகுதி தண்ணீராம். ஈரலிலும் தசையிலும் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரைதான் முதலில் கரையும், அதோடு ஒட்டியிருக்கும் தண்ணீரும் சேர்ந்து போய்விடும். கொழுப்பு இடத்தை விட்டு நகரவே இல்லை. ஒரு கிலோ கொழுப்பு கரைய சுமார் 7,700 கலோரி செலவாக வேண்டுமாம். ரேஸ்கோர்ஸில் ஒரு மணி நேரம் வேர்க்க வேர்க்க நடந்தால் முந்நூறு போகும், திரும்பி வரும்போது ஒரு நெய் ரோஸ்ட் அதை வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிடும்.

மூன்று வாரம் 82.1-லேயே நின்றது. அப்போதுதான் அந்த டைல்ஸைக் கண்டுபிடித்தேன். சமையலறை வாசலிலிருந்து மூன்றாவது. மெஷினின் நாலு காலில் ஒன்று டைல்ஸ் இடுக்கில் உட்கார்ந்தால் 300 கிராம் குறைவாகக் காட்டும்! அன்றிலிருந்து மெஷினுக்கு அதுதான் விலாசம். விடிகாலை ஐந்து மணிக்கு, பாத்ரூம் போய்விட்டு வந்து, லுங்கி 200 கிராமாவது இருக்கும் என்று அதையும் கழற்றி வைத்துவிட்டு ஏறுவேன். சமையலறை வாசல் அதற்கு ஏற்ற இடமில்லை என்பது, அம்மா தண்ணீர் குடிக்க எழுந்து வந்த அன்று புரிந்தது.

ஒரு நாள் வீடு துடைக்கும்போது மெஷினை எடுத்துப் பூஜையறைப் பக்கம் வைத்துவிட்டாள் வீட்டம்மா. 82.6. சதி என்று கத்தினேன்.

“ஏனுங்க, நீங்க எடை குறைக்கறீங்களா, இல்ல மெஷினுக்கு வாடகை வீடு தேடறீங்களா?”

மெஷின் கட்டிலடிக்குப் போனது. நடையையும் அன்றே விட்டிருப்பேன், ஆனால் பக்கத்து வீதியிலிருந்து என்னோடு நடக்கும் ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் இருக்கிறார், 5.20-க்கு நான் கேட்டில் நிற்காவிட்டால் தெருவே எழுந்திருக்கிற மாதிரி காலிங் பெல்லை அழுத்திப் பிடித்துக்கொள்வார். அந்த அவமானத்துக்குப் பயந்தே மழையிலும் குடையோடு நடந்தேன். ராத்திரிச் சோறு ஏற்கெனவே மூன்று கரண்டியிலிருந்து ஒன்றாகிவிட்டிருந்தது.

மார்கழியில் ஒரு நாள் குளிக்கும்போது அரைஞாண் கயிறு சரசரவென்று இறங்கித் தொடையில் வந்து நின்றது. தொப்பைக்குக் கீழே பள்ளம் விழுந்து, கறுப்பாய்த் தழும்பேறும் அளவுக்கு இறுக்கிக் கிடந்த கயிறு. ஈரத்துண்டோடு ஓடி வந்து அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கயிற்றை இரண்டு விரலில் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

“கயிறு நைஞ்சு தொங்குது கண்ணு. கட்டி ரெண்டு வருசமாச்சே. சந்தைக்குப் போனா புதுசு ஒண்ணு வாங்கியாறேன்.”

இன்னும் மாற்றவில்லை.