பிரம்புக் கத்தி பிடிக்க அனுமதி வாங்கிய கதை

முதல் தடவை நான் ஃபெயில் ஆனதற்குக் காரணம், ரொம்ப சுலபமாகச் செத்துப் போனதுதான்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அன்று மதியம் ஆறு ஆட்டம் ஆடி, ஆறிலும் "குட்" என்று சொல்லி விழுந்தேன். அதில் நாலு சாவு சாவே இல்லை என்று மேற்பார்வை பார்த்த இரண்டு மார்ஷல்களும் முடிவு செய்தார்கள். இன்று போய் நாளை வா என்பதை அமெரிக்கர்கள் எப்படிச் சொல்வார்களோ அப்படிச் சொல்லி, தோளில் தட்டி அனுப்பிவிட்டார்கள்.

இது என்ன கூத்து என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1966 மே 1 அன்று கலிபோர்னியாவின் பெர்க்லியில், ஒரு வீட்டின் பின்கட்டுத் தோட்டத்தில், இடைக்கால ஐரோப்பாவின் மேல் பைத்தியமாக இருந்த சில நண்பர்கள் வேஷம் கட்டிக்கொண்டு ஒரு போட்டி நடத்தினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரோனிசம், சுருக்கமாக எஸ்.சி.ஏ. நாட்டையே "ராஜ்யங்களாக" பிரித்து வைத்திருக்கிறார்கள். நான் இருக்கும் ஒஹாயோ, மிடில் கிங்டமில் வருகிறது. கத்திச் சண்டையில் ஜெயிப்பவர்தான் அடுத்த ராஜா. பெண்களும் ஆண்களும் ஒரே களத்தில், ஒரே விதியில் மோதலாம். என்னை இழுத்தது இந்தக் கடைசி விஷயம்.

ஆபீஸில் ஒருவர் செவ்வாய்க்கிழமை ப்ராக்டீஸுக்குக் கூட்டிப் போனார். பொறுப்பு விலக்குப் படிவத்தில் கையெழுத்துப் போட்டதும் இரவல் கவசம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். முந்நூறு பேருடைய வியர்வை நாற்றம் அதில் இருந்தது. அம்மாவிடம் போனில் சொன்னபோது, "நாற்பது வயசுல கட்டையால அடி வாங்கப் போறியா? கை கால் போச்சுன்னா அங்க யாரு இருக்கா பாத்துக்க?" என்றார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில்தான் இந்த ஆதரைசேஷன் என்கிற அனுமதித் தேர்வு. இது இல்லாமல் போட்டியிலோ போரிலோ இறங்க முடியாது. ஜெயிப்பதும் தோற்பதும் இதில் கணக்கே இல்லை. நீங்களும் காயப்படாமல், அடுத்தவரையும் காயப்படுத்தாமல் ஆடுவீர்களா என்பதை மட்டும்தான் பார்ப்பார்கள்.

கட்டை என்று அம்மா சொன்னது சரிதான். கத்தி இரும்பில்லை, பிரம்பு. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வைத்திருந்த அதே ஜாதி, ஆனால் அதைவிடத் தடிமன். குறைந்தது 1¼ அங்குல விட்டம் இருக்க வேண்டும். நம் சிலம்பத்துக்கு மூங்கில் எடுக்கிறோமே, இங்கேயும் அதை எடுத்தால் என்ன என்று முதல் நாளே கேட்டேன். எனக்குக் கத்தி செய்யக் கற்றுக் கொடுத்தவர் இரண்டு துண்டுகளை எடுத்துத் தரையில் ஓங்கி அடித்துக் காட்டினார். மூங்கில் உள்ளே குழல். உடைந்தால் நீளவாக்கில் பிளந்து ஊசி ஊசியாகச் சிலாம்பு நிற்கும். ஹெல்மெட் கம்பிக்குள் அது போனால் கண் போச்சு. பிரம்பு உள்ளே நார் நிறைந்தது, நைந்து நைந்து கடைசியில் விளக்குமாறு மாதிரி ஆகுமே தவிர, கூராக முறியாது. அதன் மேல் நார் கலந்த ஒட்டு டேப், அதற்கும் மேல் டக்ட் டேப். வெட்டும் பக்கம் எது என்று தெரிய வேறு நிறத்தில் ஒரு கோடு. தட்டையான பக்கத்தால் விழுந்த அடி செல்லாது என்பதால் அந்தக் கோடு முக்கியம். கை நழுவினால் கத்தி பறந்து போகாமல் இருக்க மணிக்கட்டில் ஒரு கயிறு. குத்துவதற்கும் பயன்படுத்துவதாக இருந்தால், நுனியில் அமுங்கிக் கொடுக்கும் நுரைக் குல்லா.

பிரம்பெல்லாம் நவீன காலத்துச் சமாளிப்பு என்று நினைத்திருந்தேன். அப்படியும் சொல்லிவிட முடியாது. 1278-இல் இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட் வின்ட்சர் பூங்காவில் நடத்திய போட்டிக்கு வாங்கிய சாமான் கணக்கு இன்றைக்கும் இருக்கிறது. 38 வீரர்களுக்குத் தோல் கவசம், திமிங்கிலத்தின் வாய்த் தகடும் ஆட்டுத்தோல் தாளும் வைத்துச் செய்த கத்தி. உண்மையான வீரர்களே பொய்க் கத்தி வைத்துத்தான் விளையாடியிருக்கிறார்கள்.

இரும்பை விடாதவர்களும் உண்டு. பிரிட்டனில் 1066 ஹேஸ்டிங்ஸ் போரை நடித்துக் காட்டுபவர்கள் மழுங்கிய இரும்புக் கத்தி வைத்திருப்பார்கள். அடியை நடுவிலேயே இழுத்துப் பிடித்துவிடுவார்கள், தலைப் பக்கம் போக மாட்டார்கள். 2010-இல் உக்ரைனின் ஹோத்தின் கோட்டையில் தொடங்கிய பேட்டில் ஆஃப் தி நேஷன்ஸ் போட்டி இதற்கு நேர் எதிர். இரும்பால் முழு பலத்தோடு அடிப்பார்கள், குத்துவதற்கு மட்டும் தடை. எனக்கு அந்த அளவுக்குத் துணிச்சல் இல்லை. பிரம்பில் ஒரு வசதி, தலையில் கூட நிஜமாகவே அடிக்கலாம்.

சரி, தேர்வுக்கு வருகிறேன். முதல் கட்டம் கவசப் பரிசோதனை. பத்து நிமிஷ வேலை என்று நினைத்துப் போனேன், முக்கால் மணி நேரம் ஆனது. ஹெல்மெட் இரும்பு குறைந்தது 1.6 மில்லிமீட்டர் கனம். உள்ளே அரை அங்குல நுரை. மார்ஷல் என் முகக் கம்பியைப் பிடித்து நாலா பக்கமும் ஆட்டினார், மாட்டுக்கு மூக்கணாங்கயிறு பிடித்த மாதிரி. தலையோடு சேர்ந்து ஹெல்மெட் ஆட வேண்டும், தனியாக ஆடக் கூடாது. என்னுடையது தனியாக ஆடியது. காரணம் என் பின்னல். கொண்டை போட்டால் ஹெல்மெட் மேலே ஏறுகிறது, பின்னி விட்டால் பின்னால் இடைவெளி. கடைசியில் இரட்டைப் பின்னல் போட்டு, கழுத்தோடு இறக்கி, உள் நுரையை மாற்றி ஒட்டித்தான் சரியானது. ஆண்கள் எழுதும் கவசக் குறிப்புகளில் இதை ஒருத்தரும் சொல்வதில்லை.

அப்புறம் ஒரு அங்குல விட்டமுள்ள குச்சியை எடுத்து முகக் கம்பியின் ஒவ்வொரு இடைவெளியிலும் வைத்துப் பார்த்தார். எங்கேயாவது உள்ளே போனால் ஹெல்மெட் செல்லாது. "பிரான்ஸ் ராஜா கதை தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டே செய்தார். 1559-இல் இரண்டாம் ஹென்றி, பாரிஸில் குதிரை மேல் ஈட்டிப் போட்டியில் ஆடியபோது, எதிராளியின் ஈட்டி உடைந்து ஒரு சிராய் முகமூடி வழியாகக் கண் பக்கம் ஏறிவிட்டது. பத்து நாள் கிடந்து செத்தார். நல்ல வேளை, குச்சி என் ஹெல்மெட்டுக்குள் போகவில்லை.

கழுத்தில்தான் மாட்டிக்கொண்டேன். குரல்வளையும் பின்கழுத்து எலும்புகளும் முழுவதுமாக மூடியிருக்க வேண்டும். நேராக நின்றால் மூடியிருந்தது. "மேலே பார்" என்றார். "இப்போ முட்டி போட்டு மேலே பார்." இரண்டு விரல் அகலம் தொண்டை தெரிந்தது. நின்றுகொண்டு ஆடும்போது யாரும் மேலே பார்ப்பதில்லை, ஆனால் தொடையில் அடிபட்டு, கால் போனதாக முட்டி போட்டவருக்கு எதிராளி எப்போதும் மேலேதான் இருப்பார். இரவல் பெட்டியிலிருந்து பெரிய கழுத்துக் கவசம் ஒன்றைத் தேடி எடுத்து மாட்டிய பிறகுதான் மேற்கொண்டு போனார்.

முழங்கை, முழங்கால், சிறுநீரகம், இடுப்புக்குக் கீழே எல்லாம் வேகமாக முடிந்தது. பெண்களுக்கு ஒரு விதி: மார்பைத் தனித்தனியாக மூடும் கடினமான கிண்ணங்கள் கூடாது, இரண்டும் ஒரே தகட்டில் இணைந்திருக்க வேண்டும். அடி விழுந்தால் தனிக் கிண்ணத்தின் ஓரம் நெஞ்செலும்பில் போய்ப் பதியும். படங்களில் வரும் வீராங்கனைகளின் கவசத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இப்போது நெஞ்சு வலிக்கிறது.

வாய்மொழிக் கேள்விகள் சுலபம், படித்துவிட்டுப் போனால் போதும். முழங்காலுக்கு ஒரு அங்குலம் மேலே வரைதான் அடிக்கலாம், அதற்குக் கீழே கூடாது. மணிக்கட்டிலிருந்து விரல் வரையும் கூடாது. மல்லுக்கட்டக் கூடாது. "ஹோல்ட்" என்று யார் கத்தினாலும், மார்ஷலாக இருந்தாலும் வேடிக்கை பார்க்க வந்த குழந்தையாக இருந்தாலும், அந்தக் கணமே நிற்க வேண்டும்.

இனிதான் நான் கோட்டை விட்ட இடம். இந்த விளையாட்டில் அடி பட்டதா இல்லையா என்று நடுவர் சொல்வதில்லை, அடித்தவரும் சொல்வதில்லை. அடி வாங்கியவர்தான் சொல்ல வேண்டும். எல்லோரும் சங்கிலிக் கவசமும் முகம் திறந்த இரும்புத் தொப்பியும் போட்டிருப்பதாக வைத்துக்கொண்டு, நிஜக் கத்தியாக இருந்தால் இந்த அடி அந்தக் கவசத்தைத் தாண்டியிருக்குமா என்று நீங்களே தீர்மானிக்க வேண்டும். தாண்டியிருக்கும் என்றால் "குட்". தலை, உடம்பு என்றால் சாவு. கை என்றால் அந்தக் கை போச்சு. தொடை என்றால் முட்டி போட வேண்டும். உறைக்காத அடி என்றால் "லைட்" என்று சொல்லிவிட்டுத் தொடரலாம். முகத்தில் குத்து மட்டும் விதிவிலக்கு. கற்பனைத் தொப்பியில் முகம் திறந்திருப்பதால் லேசாகத் தொட்டாலே போதும்.

பிட்டுக்கு மண் சுமந்தபோது சிவன் மேல் பட்ட பிரம்படி, அடித்த பாண்டியன் முதல் ஊரில் எல்லோர் முதுகிலும் விழுந்ததாமே. அந்த வசதி இங்கே இல்லை. என் மேல் பட்டது எனக்கு மட்டும்தான் தெரியும்.

எனக்கோ, ஹெல்மெட்டில் "டங்" என்று சத்தம் வந்தாலே செத்துவிடத் தோன்றியது. சத்தம் வேறு, கனம் வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. உள்ளுக்குள் இன்னொன்றும் இருந்தது. "லைட்" என்று சொன்னால் ஏமாற்றுகிறேன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். புதுசு, பெண், வெளியூர்க்காரி, வம்பு வேண்டாம், விழுந்துவிடுவோம். அதைச் சொன்னபோது மூத்த மார்ஷல் கேட்டார்: "நீ பாவம் பார்த்து விழுந்தால் எதிராளி என்ன கற்றுக்கொள்வார்? இந்த அடி போதும் என்று நினைத்து இன்னொருத்தரிடம் போவார். அங்கே அது போதாது, அப்புறம் சண்டை வரும்." எத்தனை அடித்தாலும் ஒத்துக்கொள்ளாதவரை இங்கே காண்டாமிருகம் என்பார்கள், அது வசவு. நான் அதன் மறுபக்கம், அதுவும் பிழைதான் என்று அன்றுதான் புரிந்தது.

அடுத்த இரண்டு மாதம் செவ்வாய்க்கிழமைகளில் ஒரே பயிற்சி. நான் அசையாமல் நிற்பேன். ஒருவர் ஹெல்மெட்டில், தோளில், தொடையில் மெதுவாகத் தொடங்கி, ஒவ்வொன்றாகப் பலம் கூட்டி அடிப்பார். "லைட். லைட். லைட்." எட்டாவதோ ஒன்பதாவதோ, சத்தம் குறைந்து உள்ளே ஒரு கனம் இறங்கும், ஈர மூட்டையை மேலே போட்ட மாதிரி. "குட்." அதே பலத்தில் இன்னும் பத்து. வீட்டுக்கு வந்தால் தொடையில் கத்தரிக்காய் நிறத்தில் திட்டு திட்டாக இருக்கும். கணவர் பார்த்துவிட்டு, "இதுக்கு நாமளே காசு குடுத்துப் போறோமா?" என்று கேட்டார். இலவசம் என்றேன்.

இரண்டாவது தேர்வில் கவசம் பத்தே நிமிஷத்தில் முடிந்தது. எதிரே வந்தவர் பதினைந்து வருஷமாக ஆடுபவர், ஆறடிக்கு மேல் உயரம். முதலில் மெதுவாக, பிறகு முழு வேகத்தில். நான் முட்டி போட்டு ஒரு ஆட்டம், அவர் முட்டி போட்டு ஒரு ஆட்டம். மிரள்கிறேனா, கண்ணை மூடுகிறேனா, கண்டபடி வீசுகிறேனா என்று பார்ப்பதற்காக நடுவில் கேடயத்தோடு மேலே ஏறி வந்து நெருக்கினார். பின்வாங்கினேன், ஆனால் கேடயத்தைக் கீழே விடவில்லை. ஒரு "ஹோல்ட்" வந்தது, ஓங்கிய கை ஓங்கியபடி நின்றது. அதை வேண்டுமென்றே கத்தினார்கள் என்று பிறகு தெரிந்தது.

நாலாவது ஆட்டத்தில் என் ஹெல்மெட்டின் உச்சியில் "டங்". நல்ல சத்தம். வாய் "கு" என்று எடுத்துவிட்டது, அதை விழுங்கி, "லைட்" என்றேன். மார்ஷல் ஆட்டத்தை நிறுத்தினார். "என்ன உணர்ந்தாய்?" "வழுக்கிப் போனது. தட்டைப் பக்கம்." எதிராளியைத் திரும்பிப் பார்த்தார். அவர் ஹெல்மெட்டுக்குள் சிரித்துக்கொண்டே தன் கத்தியின் தட்டைப் பக்கத்தைத் தட்டிக் காட்டினார். அடுத்த அடி விலாவில் இறங்கியது. அதற்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

கையெழுத்துப் போட்டார்கள். கத்தி கேடயத்துக்கு மட்டும்தான், இரண்டு கைக் கத்திக்கும் ஈட்டிக்கும் தனியாக வர வேண்டும்.

அந்த ஆகஸ்டில் பென்சிக் போருக்குப் போனேன். 1972-இல் தொடங்கியது; கொரோனா காலத்து 2020, 2021 தவிர வருஷா வருஷம் நடக்கிறது. பென்சில்வேனியாவில் ஸ்லிப்பரி ராக் பக்கம் கூப்பர்ஸ் லேக் முகாம் மைதானத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் கூடாரம் போட்டு இரண்டு வாரம் இருப்பார்கள். கிழக்கு ராஜ்யமும் எங்கள் மிடில் கிங்டமும் மோதுவதில் தொடங்கிய சண்டை, தோற்பவர்கள் பிட்ஸ்பர்க்கை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது பழைய கேலி. பெருமாள் இருக்கிற ஊரை வேண்டாம் என்று சொல்ல எப்படித்தான் மனசு வருகிறதோ.

முதல் போரில் ஏழெட்டு நிமிஷம் உயிரோடு இருந்தேன். பக்கவாட்டிலிருந்து யாரோ ஒருவரின் அடி தோளில் விழுந்தது. "குட்" என்றேன். கத்தியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, செத்தவர்கள் போகிற வழியில் வெளியே நடந்தேன். தண்ணீர்ப் பந்தலில் வெள்ளரிக்காய் ஊறுகாய்த் தண்ணீர் கொடுத்தார்கள், வெயிலில் உப்பு இறங்காமல் இருக்க. கொஞ்ச நேரத்தில் அதே ஆளும் செத்து வந்து சேர்ந்தார். என்னை அடையாளம் கண்டு பக்கத்தில் வந்து, "உன் தோளில் அடித்தேனே, அது லைட்டாக இருந்ததோ என்று யோசித்துக்கொண்டே வந்தேன்" என்றார்.

"இல்லை, நல்லாவே பட்டது" என்று சொல்லி அவருக்கும் ஒரு கோப்பை எடுத்துக் கொடுத்தேன்.